டிஎம்எஃப் இல்லாமல் பெப்டைடு: பசுமைக் கரைப்பான்கள் எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

உடல் எடையைக் குறைக்கும் ஊசிகள் புண்ணியத்தில் 'பெப்டைடு' என்ற சொல் இப்போது செய்தித்தாள் வரை வந்துவிட்டது. கூடவே இரண்டு செய்திகளும் சுற்றுகின்றன. ஒன்று, பெப்டைடு தயாரிப்பின் முதுகெலும்பான டிஎம்எஃப் (டைமெத்தில் ஃபார்மமைடு) கரைப்பானை ஐரோப்பா தடை செய்துவிட்டது என்பது. மற்றொன்று, அதற்கு மாற்றாகப் பசுமைக் கரைப்பான் வந்துவிட்டது, இனி அதை ஊற்றினால் போதும் என்பது. முதலாவது பாதி உண்மை. இரண்டாவதில் அந்தப் பாதிகூட இல்லை. ஏன் என்று புரிய, தயாரிப்பு முறையிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு சுற்றில் நடப்பது என்ன?

அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்தால் கிடைப்பது பெப்டைடு. இதைத் திண்மநிலையில் செய்யும் வழியை அமெரிக்க வேதியியலாளர் புரூஸ் மெரிஃபீல்டு 1963-இல் வெளியிட்டார். 1984-இல் அதற்காக நோபல் பரிசும் பெற்றார். முதல் அமினோ அமிலத்தைப் பாலிஸ்டைரீன் போன்ற சிறு மணிகளில், அதாவது ரெசினில், பிணைத்துவிடுவார்கள். அதன்பின் சங்கிலி அந்த மணியிலேயே வளரும். வேலை முடிந்த கரைசலை வடிகட்டி வெளியேற்றினால் பெப்டைடு மணியோடு தங்கிவிடும். இடையிடையே படிகமாக்கவோ பிரித்தெடுக்கவோ வேண்டியதில்லை.

இன்று பரவலாக இருக்கும் எஃப்மாக் முறையில் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு கட்டங்கள்:

1. எஃப்மாக் நீக்கம்: அமினோ முனையை மூடியிருக்கும் எஃப்மாக் தொகுதியைப் பிப்பெரிடின் என்ற காரத்தால் கழற்றுவது. வழக்கமான அளவு 20 சதவீதம்.
2. கழுவல்: மிஞ்சிய காரத்தை வெளியேற்றுவது.
3. கப்ளிங்: அடுத்த அமினோ அமிலத்தை டிஐசி, ஆக்ஸிமா போன்ற வினைப்பொருள்களால் கிளர்வூட்டிச் சங்கிலியோடு இணைப்பது.
4. மறுபடியும் கழுவல்.

ஒரு கிராம் ரெசினில் 0.35 மில்லிமோல் ஏற்றம் (அதாவது சங்கிலி வளரும் இடங்களின் அளவு) என்று வைத்துக்கொள்வோம். எஃப்மாக் நீக்கத்துக்கு 10 மி.லி. இருமுறை, கழுவலுக்கு 10 மி.லி. ஐந்து முறை, கப்ளிங்குக்கு 10 மி.லி., பிறகு கழுவலுக்கு 10 மி.லி. மூன்று முறை. ஆக, சுற்றுக்கு 110 மி.லி. முப்பது சுற்றுக்கு 3.3 லிட்டர், எடையில் ஏறத்தாழ 3.1 கிலோ. எல்லா வினையும் நூற்றுக்கு நூறு நடந்தாலும் கையில் கிடைப்பது 1.2 கிராம் கச்சா பெப்டைடுதான். சுத்திகரிப்பு இன்னும் தொடங்கவே இல்லை. அதற்கு வேண்டிய அசிட்டோநைட்ரைலும் தண்ணீரும் தனிக் கணக்கு.

இந்த 110-இல் 80 மி.லி. வெறும் கழுவலுக்கே போகிறது. கீழே வரும் எல்லா வாதத்துக்கும் இந்த எண்தான் அடிப்படை.

தொழிற்சாலை அளவிலும் நிலைமை இதேதான். ஒரு கிலோ மருந்துப் பொருளுக்கு மொத்தம் எத்தனை கிலோ மூலப்பொருள் செலவாகிறது என்பதை 'செயல்முறை நிறைச் செறிவு' என்பார்கள். அமெரிக்க வேதியியல் சங்கத்தின் பசுமை வேதியியல் நிறுவனம் ஒருங்கிணைக்கும் மருந்து நிறுவனக் கூட்டமைப்பு 2024-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், திண்மநிலைப் பெப்டைடு தயாரிப்புக்கு இந்த எண் சுமார் 13,000. சாதாரணச் சிறுமூலக்கூறு மருந்துகளுக்கு 168 முதல் 308 வரை.

டிஎம்எஃப் மீது என்ன வழக்கு?

டைமெத்தில் ஃபார்மமைடு கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடியது என்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்ட பொருள். கல்லீரலையும் பாதிக்கும், தோல் வழியாகவே உடலுக்குள் இறங்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2021 நவம்பரில் கொண்டுவந்த விதி 2023 டிசம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கிறது. 0.3 சதவீதமோ அதற்கு மேலோ டிஎம்எஃப் உள்ள பொருளைக் கையாள்வோர், தொழிலாளி சுவாசிக்கும் காற்றில் அது கனமீட்டருக்கு 6 மில்லிகிராமையும், தோல் வழியாக உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.1 மில்லிகிராமையும் தாண்டாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். விதி சொல்வது இதுதான். மூடிய கலனிலும் நல்ல காற்றோட்டத்திலும் இந்த வரம்புக்குள் நிற்க முடிந்தால் டிஎம்எஃப்-ஐத் தாராளமாகப் பயன்படுத்தலாம். திறந்த குடுவைகளோடு புழங்கும் ஆய்வகத்துக்குத்தான் நெருக்கடி.

'அப்படியானால் என்எம்பி (என்-மெத்தில்பிரோலிடோன்) என்ற கரைப்பானுக்கு மாறிவிடலாமே' என்பார்கள். அதற்கு 2020 மே மாதத்திலேயே இதே பாணியில் கட்டுப்பாடு வந்துவிட்டது. டிஎம்ஏசி-யும் (டைமெத்தில் அசிட்டமைடு) அதே குடும்பம், அதே நச்சு. பழைய மூவரில் ஒருவரை விட்டு இன்னொருவரிடம் போவதில் பயனில்லை.

இந்தியாவில் தயாரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பும் பெப்டைடை இந்த விதி நேரடியாகத் தொடாது. அது அங்கே பணியாற்றும் தொழிலாளரைக் காக்கும் விதி. மருந்தில் எஞ்சக்கூடிய கரைப்பானுக்கு, மருந்துத் தர விதிகளை ஒத்திசைக்கும் சர்வதேச அமைப்பான ஐசிஹெச்-இன் வரம்பு தனியாக இருக்கிறது: டிஎம்எஃப்-க்கு 880 பிபிஎம், டைகுளோரோமெத்தேனுக்கு 600 பிபிஎம். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பதற்றம்.

டிஎம்எஃப்-ஐப் பெயர்ப்பது ஏன் கடினம்?

அது ஒரே நேரத்தில் ஆறு வேலை செய்கிறது. மாற்றாக வரும் எதுவும் இந்த ஆறிலும் தேற வேண்டும்.

1. ரெசினை வீங்கச் செய்ய வேண்டும். வினை நடப்பது மணியின் மேற்பரப்பில் அல்ல, உள்ளே. கிராமுக்கு 4 மி.லி.க்கு மேல் வீங்கினால் நல்லது. 2-க்குக் கீழ் போனால் அந்தக் கரைப்பானை மறந்துவிடலாம்.
2. எல்லா எஃப்மாக் அமினோ அமிலத்தையும் குறைந்தது 0.2 மோலார் அளவுக்குக் கரைக்க வேண்டும். பக்கத்தொகுதியில் டிரிட்டில் மூடி உள்ள ஆஸ்பராஜின், குளுட்டமின், ஹிஸ்டிடின் ஆகியவைதான் முதலில் தகராறு செய்யும்.
3. வினையில் உண்டாகும் கழிவையும் கரைக்க வேண்டும். டிஐசி வினைபுரிந்ததும் உண்டாகும் டைஐசோபுரொப்பைல்யூரியா, முனைவு (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கம் சாயும் தன்மை) குறைந்த கரைப்பான்களில் வெள்ளையாக வீழ்படிந்து வடிதட்டை அடைக்கும்.
4. வளரும் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதை உடைக்க வேண்டும். ஒட்டிக்கொண்டால் அமினோ முனை உள்ளே புதைந்து, அடுத்த அமினோ அமிலம் விடுபட்டுப் போகும்.
5. நீர்த்து ஓட வேண்டும். டிஎம்எஃப்-இன் பாகுநிலை சுமார் 0.8 மில்லிபாஸ்கல்-விநாடி, தண்ணீரைவிடக் குறைவு.
6. எதனோடும் வினைபுரியாமல் சும்மா இருக்க வேண்டும்.

ஆறாவதில் டிஎம்எஃப்-உம் முழுச் சுத்தமில்லை. பழைய டிஎம்எஃப் மெல்லச் சிதைந்து டைமெத்திலமீன் தரும். அந்த அமீன் எஃப்மாக்கைக் காலத்துக்கு முன்பே கழற்றிவிடும். புட்டியைத் திறந்ததும் மீன் வாடை அடித்தால் அதைப் பெப்டைடு வேலைக்குத் தொடக் கூடாது.

வேட்பாளர்கள்

என்பிபி (என்-பியூட்டைல்பிரோலிடினோன்): என்எம்பி-யின் நெருங்கிய உறவு, ஆனால் இனப்பெருக்க நச்சு என்ற முத்திரை இல்லாதது. கரைக்கும் திறன் நன்று, பிப்பெரிடினோடு சண்டை இல்லை. டிஎம்எஃப்-க்கு நேர் மாற்று என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் இதைத்தான் சொல்லலாம். குறை பாகுநிலையில்: சுமார் 4, அதாவது டிஎம்எஃப்-ஐப் போல் ஐந்து மடங்கு. அதே படுகையில் அதே அழுத்தத்தில் வடிய ஐந்து மடங்கு நேரம் ஆகும். மணிக்குள் ஊடுருவுவதும் மந்தம். 45 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கினால் இது பெருமளவு தணியும். நுண்ணலை கருவியில் 90 டிகிரியில் ஓட்டுபவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. கொதிநிலை 240 டிகிரியை ஒட்டியது என்பதால் காய்ச்சி மீட்க வெற்றிடம் தேவை, ஆற்றலும் தேவை. விலையும் டிஎம்எஃப்-ஐவிடப் பன்மடங்கு.

2-மெத்தில்டெட்ராஹைட்ரோஃபியூரான்: சோளக்கதிர்த் தண்டு போன்ற வேளாண் கழிவிலிருந்து பெறும் ஃபர்ஃபியூராலில் இருந்து வருவதால் 'இயற்கை' என்ற விளம்பரம் இதற்குச் சுலபம். பாலிஸ்டைரீனை நன்றாக வீங்க வைக்கும், நீரோட்டம் போல் ஓடும், 80 டிகிரியில் கொதிப்பதால் மீட்பதும் எளிது. ஆனால் முனைவு குறைவு; எஃப்மாக் நீக்கம் மெதுவாகும், கழிவு யூரியா படியும். காற்றுப்பட்டால் பெராக்சைடு உண்டாகும். நிலைப்படுத்தி சேர்த்த புட்டியையே வாங்க வேண்டும், காய்ச்சும் முன் பெராக்சைடு பட்டை வைத்துப் பார்க்க வேண்டும். எளிதில் தீப்பிடிக்கும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், தொழிலாளிக்கு ஒரு ஆபத்தை எடுத்துவிட்டு இன்னொன்றைக் கொடுக்கிறோம். ஐரோப்பிய ஆய்வுக் கூட்டுத்திட்டமான செம்21-இன் கரைப்பான் வழிகாட்டியில் டிஎம்எஃப் 'ஆபத்தானது' என்றால் இது 'சிக்கலானது' என்ற வகையில் வருகிறது. எத்தில் அசிட்டேட் 'பரிந்துரைக்கத்தக்கது'.

காமா-வாலரோலாக்டோன் (ஜிவிஎல்): தாளில் பார்த்தால் அருமை. தாவர மூலம், நல்ல முனைவு, ரெசினும் வீங்கும். ஆனால் இது ஒரு வளைய எஸ்டர் என்பதை மறந்துவிடக் கூடாது. பிப்பெரிடின் அந்த வளையத்தை மெல்லத் திறந்துவிடும். திங்கட்கிழமை கலந்து வைத்த காரக் கரைசலில் வெள்ளிக்கிழமை காரம் குறைந்திருக்கும். அதைவிட மோசம், தடையின்றித் திறந்து கிடக்கும் கிளைசினின் அமினோ முனையும் இதைத் தாக்கும். நிறை நிறமாலையில் எதிர்பார்த்த நிறையைவிட 100 கூடுதலாக ஒரு முகடு தெரிந்தால் காரணத்தை வெளியே தேட வேண்டாம், கரைப்பானே பெப்டைடில் ஒட்டியிருக்கிறது. கிளைசின் இல்லாத குட்டி வரிசையில் சோதித்துவிட்டு 'வெற்றி' என்று எழுதுவது எவ்வளவு எளிது என்பதற்கு ஜிவிஎல் நல்ல பாடம்.

புரொப்பிலீன் கார்பனேட்டும் இதே ரகம்: அமீனோடு வினைபுரியும். சைரீன் செல்லுலோஸிலிருந்து வருவது. ஆனால் பாகுநிலை 14-ஐத் தாண்டும், காரத்தோடும் ஒத்துவராது, தனியாக நிற்காது. தண்ணீரிலேயே தொகுக்கும் முறைகளும் உண்டு; அவற்றுக்கு நீரில் கரையும் தனி மூடித் தொகுதிகளும் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) வகை ரெசினும் வேண்டும். டன் கணக்கில் ஓடும் இன்றைய ஆலைக்கு அது இன்னும் தொலைவு.

தனிக் கரைப்பானைவிடக் கலவை ஏன் பொருந்துகிறது?

சுற்றின் இரண்டு வினைகளும் எதிரெதிர் திசையில் இழுக்கின்றன. டிஐசி வழிக் கிளர்வூட்டல் முனைவு குறைந்த கரைப்பானில் விரைவு. எஃப்மாக் நீக்கம் முனைவு கூடிய கரைப்பானில் விரைவு. டிஎம்எஃப் இரண்டுக்கும் நடுவில் சமரசமாக உட்கார்ந்திருந்தது. ஒரே கரைப்பானால் அந்த நாற்காலியை நிரப்ப முயல்வதைவிட, இரண்டை எடுத்துக்கொண்டு கட்டத்துக்கேற்ப விகிதத்தை மாற்றுவது சரியான வழி.

டைமெத்தில் சல்ஃபாக்சைடும் எத்தில் அசிட்டேட்டும் சேர்ந்த கலவை இப்படித்தான் வேலை செய்கிறது. தனித்தனியாக இரண்டும் உதவாதவை: முன்னது பாலிஸ்டைரீனைப் போதுமான அளவு வீங்க வைக்காது, பின்னது பல அமினோ அமிலங்களைக் கரைக்காது. சேர்த்தால் பாகுநிலை இறங்கும், கரைதிறன் ஏறும். கப்ளிங்கில் எத்தில் அசிட்டேட் தூக்கலாகவும், எஃப்மாக் நீக்கத்தில் சல்ஃபாக்சைடைக் கூட்டியும் ஓட்டலாம். இரண்டுமே மலிவு, இரண்டுமே எங்கும் கிடைக்கும். என்பிபி-யோடு எத்தில் அசிட்டேட், என்பிபி-யோடு 1,3-டையாக்ஸோலேன் போன்ற சேர்க்கைகளும் இதே தர்க்கத்தில் வருபவை.

கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. எத்தில் அசிட்டேட்டும் ஓர் எஸ்டர்தான். காரக் கரைசலை அன்றன்றைக்குக் கலந்துகொள்ள வேண்டும். டைமெத்தில் சல்ஃபாக்சைடு 18 டிகிரிக்குச் சற்று மேலேயே உறைந்துவிடும். குளிரூட்டிய அறையில் தூய நிலையில் குழாயில் விட்டுவைத்தால் காலையில் அடைப்பு. ரெசினிலிருந்து அதை முழுதாக வெளியேற்றாமல், கடைசியில் பெப்டைடை வெட்டி எடுக்கும் அமிலத்தை ஊற்றினால் சூடு கிளம்பும், சிஸ்டீன் ஆக்சிஜனேற்றமடைந்து டைசல்ஃபைடாகும்.

இன்னொரு கூடுதல் லாபம். டிஐசி-யும் ஆக்ஸிமாவும் சேரும்போது சிறிதளவு ஹைட்ரஜன் சயனைடு வெளிவருகிறது என்பது 2019-இல் தெரியவந்தது. டிஎம்எஃப்-இல் இது அதிகம்; எத்தில் அசிட்டேட் கலந்த கலவைகளில் குறைக்க முடிகிறது. ஆனாலும் காற்றோட்டம் கட்டாயம். கிளர்வூட்டிய கரைசலை மூடிய புட்டியில் முன்கூட்டியே கலந்து வைக்கும் பழக்கத்தை எந்தக் கரைப்பானானாலும் விட்டுவிட வேண்டும்.

முதலில் கழுவலைக் குறையுங்கள்

நல்ல கரைப்பானை 110 மி.லி. ஊற்றுவதைவிடக் கெட்ட கரைப்பானை 50 மி.லி. ஊற்றுவது மேலாக இருக்க வாய்ப்புண்டு. எனவே எதை ஊற்றுவது என்பதற்கு முன் எவ்வளவு ஊற்றுவது என்று பார்க்க வேண்டும்.

மேலே சொன்ன ஒரு கிராம் ரெசினை வடித்த பிறகும் படுகையில் சுமார் 5 மி.லி. தங்கும் என்று கொள்வோம். 10 மி.லி. ஊற்றிக் கலந்து வடித்தால் காரச் செறிவு மூன்றில் ஒரு பங்காகும். 20 சதவீதப் பிப்பெரிடின் என்பது 2 மோலார். ஐந்து கழுவலில் 243-இல் ஒரு பங்கு, அதாவது 8 மில்லிமோலார். இதற்குமேல் மிஞ்சினால் அடுத்து வரும் அமினோ அமிலத்தின் எஃப்மாக்கைக் காரம் கழற்றி, ஒரே எழுத்து, அதாவது ஒரே அமினோ அமிலம், இருமுறை சேர்ந்துவிடும்.

இப்போது காரத்தை 5 சதவீதமாக்கினால் தொடக்கமே 0.5 மோலார். நான்கு கழுவலில் 6 மில்லிமோலாருக்கு வந்துவிடுகிறோம். பைசா செலவில்லாமல் சுற்றுக்கு 10 மி.லி. மிச்சம். எஃப்மாக் நீக்கம் சற்று நீளும், அவ்வளவுதான். ஆஸ்பார்ட்டிக் அமிலம் உள்ள வரிசைகளில் காரம் குறைவது பக்க வினையையும் தணிக்கும்.

அடுத்த படி பெரியது. கப்ளிங் முடிந்ததும் வடிக்காமல், அந்தக் கரைசலிலேயே காரத்தைச் சேர்த்துவிடுவது. மிஞ்சிய கிளர்வூட்டிய அமினோ அமிலத்தைக் காரம் முதலில் முடித்துவைக்கும், பிறகு எஃப்மாக்கைக் கழற்றும். கப்ளிங்குக்குப் பின்னான கழுவல் முழுதும் போய்விடும். தனியாகக் காரக் கரைசலும் வேண்டாம். 110 மி.லி. சுமார் 60 ஆகிவிடும். காரம் மெதுவாகச் சொட்டுச் சொட்டாகப் போனால் கெட்டது. கிளர்வூட்டிய எஸ்டர் தீரும் முன்பே சங்கிலியின் முனை திறந்து இரட்டைச் சேர்க்கை நடக்கும். ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும்.

2023-இல் நுண்ணலைத் தொகுப்புக் கருவி செய்யும் சிஇஎம் நிறுவனத்தார் இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். பிப்பெரிடினுக்குப் பதில் 87 டிகிரியில் கொதிக்கும் பிரோலிடினைப் போட்டு, நுண்ணலையில் சூடாக்கி, மேலே வாயுவை ஓடவிட்டுக் காரத்தையே ஆவியாக்கி வெளியேற்றினார்கள். கழுவலே இல்லை, கழிவில் 95 சதவீதம் வரை குறைந்ததாக அறிவித்தார்கள். எல்லோரிடமும் அந்தக் கருவி இருக்காது. ஆனால் டிஎம்எஃப்-ஐ மாற்றாமலேயே இந்த அளவு சாதிக்கலாம் என்பது, கரைப்பான் பட்டியலை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு உறைக்க வேண்டிய செய்தி.

புதிய கரைப்பானைச் சோதிக்கும் வரிசை

1. வடிதட்டு உள்ள சிரிஞ்சில் 100 மி.கி. ரெசின், 2 மி.லி. கரைப்பான், அரை மணி நேரம் மெல்லிய அசைவு. வடித்துப் படுகையின் உயரத்தை அளக்கவும். பெப்டைடு வளர வளர வீக்கம் மாறும் என்பதால், பாதி வளர்ந்த ரெசினிலும் இதையே செய்யவும்.
2. 0.2 மோலாரில் ஆஸ்பராஜின், குளுட்டமின், ஹிஸ்டிடின், ஆர்ஜினின் கரைகின்றனவா பாருங்கள். பிறகு ஆக்ஸிமாவும் டிஐசி-யும் சேர்த்து ஓரிரவு, நச்சுப்புகையை வெளியேற்றும் காற்றோட்டப் பெட்டியில் (ஃபியூம் ஹூட்), இறுக மூடாமல் வைத்து வீழ்படிவு விழுகிறதா என்று கவனிக்கவும். கலந்தவுடன் தெளிவாக இருப்பது எதையும் உறுதிப்படுத்தாது.
3. காரமும் கரைப்பானும் மட்டும் கலந்து 48 மணி நேரம் வைத்துக் காரம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளக்கவும். ஜிவிஎல் மாட்டிக்கொள்வது இங்கேதான்.
4. எஃப்மாக் நீக்க வேகத்தைப் புறஊதா ஒளி உறிஞ்சலால், 301 நானோமீட்டரில் அளக்கவும். ஐசோலியூசின், வாலின் போன்ற இடநெருக்கடி உள்ளவற்றில் பார்க்க வேண்டும்.
5. டைரோசின், இரண்டு ஏஐபி (அமினோஐசோபியூட்டிரிக் அமிலம்), ஃபீனைலலனின், லியூசின் கொண்ட ஐந்தெழுத்துப் பெப்டைடைத் தொகுக்கவும். அடுத்தடுத்து வரும் இரண்டு ஏஐபி-களை இணைப்பது கடினம். ஒன்று விடுபட்டால் நிறையில் 85 குறையும். டிஎம்எஃப்-இல் ஓட்டியதோடு ஒப்பிடாமல் எந்த எண்ணுக்கும் பொருளில்லை.
6. கடைசியாக உங்கள் சொந்த வரிசை. கிளைசின், ஆஸ்பார்ட்டிக் அமிலம், சிஸ்டீன், ஹிஸ்டிடின் இருக்கும் இடங்களைத் தனியே கவனிக்கவும்.

கடைசிக் கட்டத்தை யாரும் எண்ணுவதில்லை

தொகுப்பு முடிந்ததும் பெப்டைடை ரெசினிலிருந்து வெட்டி எடுப்பது டிரைஃபுளூரோஅசிட்டிக் அமிலம். பெரும்பாலும் 95 சதவீதம், மீதி தண்ணீரும் டிரைஐசோபுரொப்பைல்சைலேனும். ஒரு கிராம் ரெசினுக்குப் 10 மி.லி. என்றால், பெப்டைடை வீழ்படிய வைக்க அதைக் குளிர்ந்த டைஎத்தில் ஈதரில் பத்து மடங்கு, 100 மி.லி.யில் ஊற்றுவார்கள். செம்21 வழிகாட்டியில் ஈதர் டிஎம்எஃப்-ஐவிடக் கீழே, 'மிக ஆபத்தானது' என்ற கடைசித் தட்டில் இருக்கிறது. முப்பது சுற்றுக்குப் பசுமைக் கரைப்பான் ஊற்றிவிட்டு இங்கே ஈதர் டின்னைத் திறப்பது வேடிக்கை. சைக்ளோபென்டைல் மெத்தில் ஈதரோ டெர்ட்-பியூட்டைல் மெத்தில் ஈதரோ பெரும்பாலான பெப்டைடுகளுக்கு இந்த வேலையைச் செய்யும். தீப்பிடிக்கும் ஆபத்தும் குறைவு. கொழுப்புச் சங்கிலி ஒட்டிய பெப்டைடுகள் இவற்றில் ஓரளவு கரைந்துபோகக்கூடும் என்பதால் வடிநீரைச் சோதித்த பிறகே கொட்ட வேண்டும்.

வெட்டும் முன் ரெசினைக் கழுவுவதும் முக்கியம். என்பிபி மாதிரி உயர்கொதிநிலைக் கரைப்பான் மணியில் தங்கியிருந்தால் உலர்த்தினாலும் போகாது. அமிலத்தின் வலுவைக் குறைக்கும், பிறகு கச்சாப் பெப்டைடைப் பிசுபிசுப்பாக்கும். வழக்கமான டைகுளோரோமெத்தேனுக்குப் பதிலாக எத்தில் அசிட்டேட்டால் இருமுறை, பிறகு ஐசோபுரொப்பனாலால் இருமுறை கழுவலாம். ஐசோபுரொப்பனாலில் பாலிஸ்டைரீன் சுருங்கும்போது உள்ளே இருப்பதைப் பிழிந்து வெளியே தள்ளும்.

அமிலத்துக்குத்தான் இன்னும் சரியான மாற்று இல்லை. அது சுற்றுச்சூழலில் சிதையாமல் நீரில் தங்கும் பொருள். டென்மார்க், ஜெர்மனி, நெதர்லாந்து, நார்வே, ஸ்வீடன் ஆகிய ஐந்து நாடுகள் 2023 ஜனவரியில் முன்வைத்த பிஃபாஸ் (எளிதில் சிதையாத ஃபுளூரின் சேர்மங்கள்) கட்டுப்பாட்டு முன்மொழிவின் வரையறைக்குள் இதுவும் வருகிறது. இதை இனப்பெருக்க நச்சு என வகைப்படுத்த ஜெர்மனி தனியாகவும் முன்மொழிந்திருக்கிறது. டிஎம்எஃப்-ஐ மாற்றத் திட்டமிடும் ஆலை, அடுத்த செலவுப் பட்டியலில் அமிலத்தைக் காய்ச்சி மீட்கும் கலனுக்கும் இடம் விட்டுவைப்பது நல்லது.